ஆழம் 0.4

பெர்கனில் விழுகிறது.
டுர்க்குவில் விழுகிறது. அவெய்ருவில்
இரண்டு மேசைகளில் விழுகிறது.
கால்வேயில் மட்டும் விழுவதில்லை.

சுவரில் ஐரோப்பாவை ஒட்டி
விழுந்த ஊர்களில் சிவப்பு ஊசி குத்தினேன்.
கொள்ளைநோய்ப் படம் போலிருந்தது.
மழைப் படம் என்றான் சிக்பியோர்ன்,
இந்த ஊரில் எதுதான் விழாது?

நிரல் என்னைவிட நான்கு வயது மூத்தது.
ஃபியோர்டுக்குள் ஆற்றுநீரும் கடல்நீரும்
கலக்கும் கணக்கு.
எண்பத்தேழில் எழுதியவர்
ஹெச். என்று மட்டும் கையெழுத்திட்டிருக்கிறார்.
நானூற்றுப் பதினோராம் வரியில் ஒரு குறிப்பு:
ஆழம் எப்போதும் பூஜ்யத்துக்கு மேல். சோதிக்கத் தேவையில்லை.

முதலில் நினைவகத்தைச் சந்தேகித்தோம்,
கழற்றித் துடைத்து மாட்டினோம்.
பிறகு கம்பைலரை: மூன்று பதிப்பு, மூன்று இரவு.
பிறகு சில்லை. கால்வேயின் ஃபினூலா
என்னிடமிருக்கும் அதே மடிக்கணினியை
அதே நிறத்தில் வாங்கிக் காட்டினாள்.
அவளிடம் ஓடியது.
பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு,
ஃபினூலாவையே சந்தேகித்தோம்.

அடித்தளத்தில் கிடந்த பழைய சன் இயந்திரத்தை எழுப்பினால்
நனைந்த நாய் போல உதறிக்கொண்டு
அதுவும் ஓட்டிக் காட்டியது,
பிசகில்லாமல்.

விழும் கணத்தைப் பிடிக்கலாமென்று
பிழைதிருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்தால்
ஒழுங்காகப் போகும்,
போலீஸ் ஜீப்பைக் கண்ட லாரி மாதிரி.
ஐகானைச் சொடுக்கினால்
நாற்பதாம் நொடியில் சரியும்.

துப்பு டுர்க்குவிலிருந்து வந்தது.
ஔலிக்கியின் ஆய்வு மாணவி ஒருத்தி
ஆங்கிலம் பழக வேண்டி
கணினியின் மொழியை மாற்றி வைத்திருந்தாள்.
அந்த அறையில்
அவள் மேசையில் மட்டும் விழவில்லை.

மொழியா?

அப்புறம் பத்தே நிமிடம்.
கால்வேயில் பின்னத்துக்குப் புள்ளி.
பெர்கனில், டுர்க்குவில், அவெய்ருவில் காற்புள்ளி.
கால் முளைத்த புள்ளி, அவ்வளவுதான்.
எண்களை மட்டும் அறிந்திருந்த நிரலுக்கு
பத்தாண்டு முன்பு யாரோ ஜன்னலும் பொத்தானும் பொருத்தினார்கள்.
வந்த ஜன்னல் மரியாதைக்கார ஜன்னல்:
இந்த வீட்டு வழக்கம் என்னவென்று கேட்டது.
அன்றிலிருந்து உள்ளே எண் படிக்கும் கை
காற்புள்ளிக்காகக் காத்திருந்தது.
(பிழைதிருத்தியை நான் எப்போதும்
ஊர்பேர் இல்லாத முனையத்திலிருந்து ஏவுவேன்.
அங்கே வழக்கம் கேட்டால் பதில் வராது.)

புதிதாகச் சேர்த்த ஆற்றுவாய்க் கோப்பில்
0.4 என்று ஓரிடம்.
பூஜ்யத்தைப் படிக்கும். புள்ளியைக் கண்டதும்
நம்மூர் எழுத்தில்லையே என்று நின்றுவிடும்.
ஆழம் பூஜ்யம். அதால் வகுத்தால் முடிவிலி.
முடிவிலியை அறை எண்ணாக்கி
நினைவகத்தில் இல்லாத கதவைத் தட்டியதும்
இயங்குதளம் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளும்.

ஹெச். பொய் சொல்லவில்லை.
அந்த இடத்தில் வற்றத்தில்கூட
கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும்.
நானே பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய் நின்று பார்த்தேன்,
தேவையே இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஒரு வரி சேர்த்தேன். ஊசிகளைப் பிடுங்கினேன்.
சிக்பியோர்ன் ஆப்பிள் கேக் வாங்கிவந்தான்.
இரண்டாம் துண்டில் என் கை நின்றது.

0.4 இருந்தவர்களுக்கு விழுந்தது.
இல்லாதவர்களுக்கு?

312.7 முந்நூற்றுப் பன்னிரண்டாக,
1.9 ஒன்றாக,
கடல் தன் பின்னங்களை உதிர்த்துக்கொண்டே
பத்தாண்டு
ஒழுங்காக ஓடி, ஒழுங்காக முடிந்து,
அறிக்கையாகி, முத்திரை வாங்கி,
சால்மன் கூண்டுகளை எங்கே இறக்கலாமென்று
விரல் நீட்டியிருக்கிறது.

கேக்கை அவன் பெட்டியில் மூடிவைத்தான்.

விழுந்தவை எங்களைக் கூப்பிட்டன.
விழாதவற்றின் பட்டியலை
இன்று காலை தொடங்கினேன்.
முதல் பெயர் என்னுடையது.